மாடியில் எட்டு வாளி

மார்ச் 2, ஞாயிறு

காலையில் மாடிக்குப் போனவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன். மாடி முழுக்கப் பச்சை வலை. நாலு மூலையிலும் இரும்புக் குழாய் நிறுத்தி, கம்பி இழுத்து, கல்யாணப் பந்தல் மாதிரி கட்டி வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பங்குனி பிறக்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

யாரிடமாவது கத்தினால் தெருவே வேடிக்கை பார்க்கும். அதனால் இந்த நோட்டில் எழுதுகிறேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

பதினாலு வருஷமாகப் பங்குனியும் சித்திரையும் இந்த மாடி என்னுடையது. கூழ்வத்தல், வெங்காய வடகம், மோர் மிளகாய். இரண்டு மெஸ்காரர்கள் வாங்குகிறார்கள், எங்கள் தெருவில் பாதி வீடு வாங்குகிறது, வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்புகிற அம்மாக்கள் வாங்குகிறார்கள். ஒரு வருஷம் இல்லை என்று கையை விரித்தால் அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது மாடி வெயில் ஒன்றுதான். அதற்கும் வலை போட்டாயிற்று.

வலை கட்டினது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் தனுஷ்கோடிதான். நூல் மில்லில் முப்பத்திரண்டு வருஷம் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஜனவரியோடு ரிட்டயர் ஆனார். பிப்ரவரி முழுக்க போனில் வீடியோ பார்த்தார். மண்ணே இல்லாமல் வெறும் தண்ணீரில் கீரை வளர்க்கிறார்களாம். என் வத்தலுக்கு என்ன வழி என்று கேட்டதற்கு, கடையில்தான் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறதே, இந்த வயதில் எதற்கு வெயிலில் கிடந்து கஷ்டப்படுகிறாய் என்கிறார். பதினாலு வருஷம் கழித்துக் கஷ்டம் கண்ணில் பட்டதாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மார்ச் 5, புதன்

எட்டு பெயின்ட் வாளி வந்து இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு மூடியிலும் வட்டமாக ஓட்டை, அந்த ஓட்டையில் சல்லடை மாதிரி ஒரு சின்னக் கப். கப்பில் செடி நிற்கும், வாளி நிறையத் தண்ணீர், வேர் அந்தத் தண்ணீரிலேயே தொங்கிக்கொண்டு கிடக்கும். எட்டு வாளியையும் அடியில் குழாய் வைத்துக் கோர்த்து, ஒரு நீல டிரம்மில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். டிரம்மில் உரம் கரைத்த தண்ணீர். மோட்டார் அதை வாளிக்கெல்லாம் அனுப்பும், வாளியிலிருந்து மறுபடி டிரம்முக்கு வரும், நாள் பூராவும் இப்படியே சுற்றும். மீன் தொட்டியில் குமிழி விடுகிற மோட்டார் இன்னொன்று. வேருக்கு மூச்சு வேண்டுமாம்.

இதையெல்லாம் எனக்கு அவர் விளக்கவில்லை. குழாயைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, போனில் யாரோ பழைய மில் ஆளுக்கு விளக்கினார். நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என்னிடம் சொன்னதெல்லாம், இறுக்கிப் பிடி, அசைக்காதே, பசை கையில் படப்போகிறது, இவ்வளவுதான். மில்லில் ஹெல்பரிடம்கூட இதைவிட நாலு வார்த்தை கூடப் பேசியிருப்பார்.

மார்ச் 7, வெள்ளி

ஒழுகுகிறது. மூன்றாவது வாளியும் ஆறாவது வாளியும். நல்லா ஒழுகட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

ரப்பர் வாஷர் மாற்றி ஒழுக்கை நிறுத்திவிட்டார். கெட்டிக்காரர்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. பாலக் கீரை நாற்றுகளை ஸ்பாஞ்சோடு எடுத்து கப்பில் வைத்தார். சுற்றிலும் களிமண் உருண்டைகள். தண்ணீர் சூடாகக் கூடாது என்று பழைய ஜூஸ் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து ஃப்ரீசரில் அடுக்கியிருக்கிறார். என் தேங்காய்த் துருவலும் பச்சைப் பட்டாணியும் வெளியே மேடையில் கிடந்து நனைந்து போயிருந்தன. எடுத்து வைத்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. சாயங்காலம் நான் பார்த்துத்தான் தெரிந்தது.

மார்ச் 15, சனி

பங்குனி பிறந்துவிட்டது. சண்டை போட்டுப் படிக்கட்டுப் பக்கமாக நாலு அடி இடம் வாங்கினேன். என் வீட்டு மாடியில் எனக்கு நாலு அடி. பாக்கியம் விடிந்தும் விடியாமலும் வந்தாள். பாக்கியம் எட்டு வருஷமாக என்னோடு வத்தல் பிழிகிறவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னைவிட வாய் பெரியவள். இந்த இடத்தில் வேட்டியை விரித்தால் நாம் இரண்டு பேரும் உட்காருவதா, வத்தல் காய்வதா என்று கேட்டாள். பிழிந்தோம். பத்தரை மணிக்கெல்லாம் வலை நிழல் வந்து மேலே விழுந்துவிட்டது.

மார்ச் 17, திங்கள்

இரண்டு நாளாகியும் காயவில்லை. நடுவில் ஈரம். இன்று மோந்து பார்த்தால் புளித்த வாடை. அவ்வளவையும் அள்ளி மாட்டுக்குப் போட்டோம். பாக்கியம் ஒன்றும் பேசாமல் வேட்டியை அலசினாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

மெஸ்காரர் ஒருவர் போன் பண்ணினார். இன்னும் பத்து நாள் ஆகும் என்றேன். சரிக்கா, அவசரமில்லை, இந்தத் தடவை வில்லாபுரத்தில் ஒருத்தரிடம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வெகு மரியாதையாகத்தான் சொன்னார்.

இவரிடம் சொன்னேன். வலையை ஒரு பக்கம் மட்டும் சுருட்டிக் கட்டுங்கள், காலையில் நாலு மணி நேரம் போதும் என்றேன். செடி கருகிப் போகும் என்றார். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

மார்ச் 19, புதன்

துணி எடுக்கப் போனேன். வாளிக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மூடியைத் தூக்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெளேரென்று ஒரு சாண் நீளத்துக்கு இறங்கியிருந்தது. நான் வந்தது தெரியவில்லை. மடியில் போன் கிடந்தது. ரிட்டயர் ஆன பிறகு மில்லிலிருந்து ஒருத்தரும் கூப்பிடுவதில்லை, இவர்தான் கூப்பிடுகிறார்.

துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பாவம் பார்க்கிற நேரமா இது.

மார்ச் 22, சனி

டிரம்மில் பாசி. வேரெல்லாம் வழவழ என்று ஆகிவிட்டதாம். காலையிலிருந்து முகத்தில் கடுகைப் போட்டால் வெடிக்கும். டிரம்மைத் தேய்த்தார், கழுவினார், கறுப்புத் துணி சுற்றினார். வாக்கிங் போகிற வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருக்கிறார். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 26, புதன்

கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

மாவு மில்லுக்குப் போயிருந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வரும்போதே தெருவில் டிரில்லிங் மிஷின் சத்தம். பரணிலிருந்த என் பித்தளை அண்டாவை இறக்கி, மாடியில் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு விரல் நுழைகிற ஓட்டை. பித்தளைச் சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது.

எங்கப்பா சீராகக் கொடுத்த அண்டா. கழுத்தில் புள்ளி புள்ளியாக என் பெயர் வெட்டியிருக்கும், அங்கயற்கண்ணி என்று முழுசாக. எல்லா வீட்டிலும் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து வெட்டுவார்கள். என் பொண்ணு பெயர் மட்டும் போதும் என்று எங்கப்பா சொன்னாராம். முப்பத்தோரு வருஷமாக அரிசி ஊறப்போட அதைத்தான் எடுக்கிறேன்.

என்ன காரியம் பண்ணியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். டிரம்முக்குப் பதில் இனி இதுதான், செம்பிலும் பித்தளையிலும் தண்ணீர் வைத்தால் பாசி பிடிக்காது, கிருமி சாகும், நம் முன்னோர் என்ன முட்டாள்களா என்று குரூப்பில் வந்ததை அப்படியே ஒப்பித்தார். அதற்குப் பிறகு சொன்னதுதான்.

"சும்மாதான பரண்ல கெடக்கு. ஒரு வேலைக்கு ஆகட்டுமே."

அந்த ஓட்டையை எதை வைத்து அடைப்பது? அடைத்தாலும் அது ஓட்டை அடைத்த அண்டாதானே. கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மத்தியானம் சோறு வைக்கவில்லை. அவரே ரவையைக் கிண்டிச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு தட்டில் மூடி வைத்திருந்தார். அதை நான் தொடவில்லை.

மார்ச் 27, வியாழன்

பேசவில்லை.

மார்ச் 28, வெள்ளி

பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்றுகூடச் சந்தேகம்.

மார்ச் 30, ஞாயிறு

பாக்கியம் வீட்டுக் கூரையில் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஆஸ்பெஸ்டாஸ். அதிலாவது மோர் மிளகாயைக் காய வைக்கலாம் என்று முறம் எடுக்க இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். அண்டாவை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்தில் சுற்றிலும் பச்சை வளையம். களிம்பு.

அந்த அண்டாவில் ஈயம் போய் இருபது வருஷம் ஆகிறது. அதனால்தான் அதில் அரிசி தவிர வேறு எதையும் நான் போடுவதில்லை. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று அடுப்படியில் நிற்கிற எவளைக் கேட்டாலும் சொல்வாள். பச்சையாகக் களிம்பு ஏறும், குமட்டும், வாந்தி வரும். இவர் அந்தத் தண்ணீரைப் புளிப்பாக வைத்திருக்கிறார். கீரைக்கு அப்படி இருந்தால்தான் உரம் பிடிக்குமாம். ஒரு பாட்டிலிலிருந்து தினமும் ஆசிட் சொட்டு விட்டு மீட்டரை வைத்துப் பார்க்கிறார். அதுதான் இப்போது எட்டு வாளிக்கும் போய்ப் போய்த் திரும்புகிறது.

பாக்கியமும் பார்த்துவிட்டாள்.

"அண்ணன்ட்ட சொல்லலையாக்கா?"

"அவர் இஞ்சினியரு. கேட்டா சொல்றேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

ஏப்ரல் 2, புதன்

புதிதாக விடுகிற இலையெல்லாம் வெளுத்து மஞ்சளாக வருகிறது. நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகள் பெரிதாக, பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. வேர் நுனி பழுப்பாகக் குட்டையாகப் போய்விட்டது. இரும்புச் சத்து குறைவு என்று ஏதோ பொடி வாங்கிக் கரைத்தார். தண்ணீர் மாற்றினார். மறுபடி அதே அண்டாவில்தான்.

சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்று, ஏன் இப்படி ஆகுது, எல்லாம் சரியாத்தான பண்றேன் என்றார். அது என்னைக் கேட்டதா, தனக்குத்தானே சொன்னதா தெரியவில்லை. தனக்குத்தானே என்று எடுத்துக்கொண்டேன். தோசையைத் திருப்பிப் போட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இரண்டு வாளி போய்விட்டது. இன்னும் ஆறு. அது போனால் வலையும் போகும். சித்திரைக்கு மாடி எனக்கு.

ஏப்ரல் 6, ஞாயிறு

மிச்சம் இருக்கிற நல்ல இலையாகப் பார்த்து இரண்டு கட்டு அறுத்தார். மஞ்சளாவதற்குள் அறுத்துவிட வேண்டுமாம். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு அரிசி ஊறியிருந்தது. அரைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

பதினோரு மணிக்கு நித்திலா போன் பண்ணினாள். என் மகள், ஒரே பிள்ளை, ஊருக்கு அந்தப் பக்கம் ஆனையூரில் இருக்கிறாள். ஏழு மாதம். வளைகாப்புக்குப் புடவை பார்ப்பதைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தவள், அப்பா கொண்டுவந்த கீரையை நேற்று ராத்திரியே கடைந்து சாப்பிட்டேன், மருந்தே அடிக்காத கீரை என்று அப்பாவுக்கு ஒரே பெருமை, இன்னொரு கட்டு இன்றைக்குக் கூட்டு வைக்கப்போகிறேன் என்றாள்.

அதைத் தொடாதே, கீழே போடு, நான் வருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். போனை வைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அந்த மனுஷனைத்தான் திட்டினேன். வேறு யாருமே கிடைக்கவில்லையா? பிள்ளைத்தாச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா? ஆட்டோக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். வாய்விட்டே திட்டியிருக்கிறேன் போல.

போனபோது கூட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கீழே போடவில்லை. சட்டியோடு எடுத்து சிங்கில் கவிழ்த்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா ஆசையாகக் கொண்டுவந்தது, உங்கள் சண்டையை என் அடுப்பில் வந்து போடாதே என்றாள். அப்புறம்தான் சொன்னேன், பித்தளை, ஆசிட், களிம்பு எல்லாவற்றையும். அவள் கை தன்னால் வயிற்றுக்குப் போனது.

"எப்பம்மா பாத்த களிம்ப?"

"இன்னைக்குக் காலைலதான்."

டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்கு அது நெருப்பு மாதிரி இருந்தது. டாக்டரம்மா பிள்ளையின் துடிப்பைக் கேட்டார், வாந்தி, வயிற்றுவலி இருந்ததா என்று கேட்டார், ரத்தம் எடுத்தார். ஒரு வேளை சாப்பிட்டதற்குப் பயப்பட வேண்டாம், இனிமேல் சாப்பிடக் கூடாது, இரண்டு நாள் பார்ப்போம் என்றார். பிள்ளையின் துடிப்பை எனக்கும் கேட்க வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி ஓடியது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கத்தவேண்டும் என்றுதான் வந்தேன். அண்டாவில் களிம்பு, நித்திலா சாப்பிட்டிருக்கிறாள், டாக்டரிடம் போய் வந்தோம், இவ்வளவுதான் வாயில் வந்தது. மாடிக்கு ஓடினார். அப்புறம் தண்ணீர் கொட்டுகிற சத்தம், வாளி வாளியாக.

ஏப்ரல் 9, புதன்

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளை நன்றாக இருக்கிறது. சாமி விளக்கு முன்னால் உட்கார்ந்தேன், வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்றே வலையைக் கழற்றிவிட்டார். தனியாகவே கழற்றினார், பிடிக்கக்கூட என்னைக் கூப்பிடவில்லை. வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் குழாய்களைக் கட்டிப் படிக்கடியில் வைத்துவிட்டார். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். பளபளவென்று இருக்கிறது, ஓட்டையோடு.

இன்றைக்கு மாடி முழுக்க வெயில். நானும் பாக்கியமும் ஆறு வேட்டி விரித்துப் பிழிந்தோம். சாயங்காலத்துக்குள் பாதி காய்ந்து, எடுத்தால் சலசல என்கிறது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கோபம் அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. பாக்கியத்திடம் அச்சைக் கழுவவில்லை என்று எரிந்து விழுந்தேன். கழுவித்தான் வைத்திருந்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் இவர் கூடத்தில் உட்கார்ந்து நித்திலாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அவள் இவரைப் பிடித்து வாங்கிக்கொண்டிருந்தாள். நீங்கள்தான் தெரியாமல் செய்தீர்கள், பித்தளையிலேயே புழங்குகிற அம்மாவாவது முன்னாலேயே கவனித்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். நான் கருவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"தப்பு பூரா என்னோடது நித்தி. அம்மாவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது, பாவம். இது கெமிஸ்ட்ரி. அவள ஒண்ணும் சொல்லாத."

என்னைக் காப்பாற்றுகிறாராம். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்காக ஒரு பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், அதிலும் எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்கிறார். அந்தப் பாவம் என்கிற வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. எழுந்து போய் போனை வாங்கினேன்.

"எனக்குத் தெரியும் நித்திலா. போன மாசம் முப்பதாந் தேதியே பாத்துட்டேன். உங்கப்பா செடி சாகட்டும்னுதான் வாயத் தொறக்கல. அன்னைக்கு உங்கிட்ட பொய் சொன்னேன்."

வைக்கிறேன்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கத்தலாம், அண்டாவைப் பற்றி, வலையைப் பற்றி, மாட்டுக்குப் போட்ட வத்தலைப் பற்றி. எல்லாம் தொண்டையில் தயாராக இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெகு நாள் கழித்துப் பார்க்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம கீர கட்டுறதுக்கு நூல் கேட்டேன். நீதான எடுத்துக் குடுத்த."

"ஆமா."

"ஒருத்தருக்குக் குடுக்கணும்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க."

சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மத்தியானச் சோறு ஆறிக் கிடக்கிறது.

ஆறாம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். அரிசி அரைத்தேன், வேறு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். இருந்தது. வத்தல் பொட்டலம் கட்டுகிற நூலை நான்தான் அறுத்துக் கொடுத்தேன். ஒரு கட்டை நான்தான் முடிச்சுப் போட்டேன். யாரோ வாக்கிங் போகிற ஆள், யாரோ மில் ஆள், தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து இவரை நாலு கேள்வி கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.